'டேக்' என்ற வினைச்சொல்லை எங்கே, எதோடு, எப்படிப் பயன்படுத்துவது?

ஆங்கிலத்தில் 'டேக்' என்றால் 'எடு' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டால், பேசும்போது பாதி இடங்களில் அது காலை வாரிவிடும். நாம் மாத்திரை போடுகிறோம், பரீட்சை எழுதுகிறோம், டாக்ஸி பிடிக்கிறோம், பழி வாங்குகிறோம், குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறோம், ஒரு வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'டேக்' ஒன்றே போதும். மறுபக்கம் துணி எடுக்கிறோம், மார்க் எடுக்கிறோம், பசி எடுக்கிறது. இவற்றில் ஒன்றில்கூட 'டேக்' வராது.

காரணம் எளிது. பெரும்பாலான இடங்களில் 'டேக்' பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லோ, பின்னால் ஒட்டும் 'ஆஃப்', 'அப்', 'இன்' போன்ற சிறு சொல்லோதான் பொருளைத் தீர்மானிக்கிறது. ஆகவே கற்கும்போதே தனிச்சொல்லாகக் கற்காமல் முழுத் தொடராகக் கற்க வேண்டும்.

தொடங்குமுன் எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. கழற்றுவது, கிளம்புவது ஆகிய பொருளில் வரும் சொல்லை இங்கே 'ஆஃப்' என்றும், 'உடைய' என்ற பொருளில் வரும் சொல்லை 'ஆவ்' என்றும் எழுதியிருக்கிறோம். உச்சரிப்பிலும் இந்த வேறுபாடு உண்டு. இரண்டையும் 'ஆஃப்' என்றே உச்சரித்தால் 'டேக் கேர் ஆவ்' போன்ற தொடர்கள் காதுக்குக் குழப்பமாகும். 'ஒரு' என்ற பொருளில் வரும் சொல்லும் 'மேல்' என்ற பொருளில் வரும் சொல்லும் மட்டும் இங்கே ஒரேமாதிரி 'ஆன்' என்றே வரும், இடத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வடிவங்கள்

'டேக்', 'டுக்', 'டேக்கன்'. இரண்டாவது குறில், 'டூக்' என்று நீட்டக் கூடாது. தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். 'ஹாவ்', 'ஹேஸ்', 'ஹேட்' வந்தால் மூன்றாம் வடிவம்தான்: 'ஐ ஹாவ் டேக்கன் தி கீஸ்'. 'ஐ ஹாவ் டுக்' என்பது தவறு. 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும்; வினை முதல் வடிவத்துக்குத் திரும்பிவிடும். 'டிட் யு டேக் இட்?' என்றுதான் கேட்க வேண்டும், 'டிட் யு டுக் இட்?' அல்ல.

கொண்டு போவதும் நேரம் ஆவதும்

'பிரிங்', 'டேக்' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'கொண்டு வா' என்றால் 'பிரிங்', 'கொண்டு போ' என்றால் 'டேக்'. ஆளாக இருந்தால் 'கூட்டி வா', 'கூட்டிப் போ'. 'ஷி டுக் ஹெர் சன் டு ஸ்கூல்' – மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். 'டேக் ஆன் அம்ப்ரெல்லா வித் யு' – குடை எடுத்துக்கொண்டு போ. 'எடுத்துக்கொண்டு' என்ற பகுதியைப் பார்க்காமல் கடைசியில் 'வா' நிற்கிறதா, 'போ' நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள், அநேகமாகத் தவறாது.

நேரத்தைச் சொல்லும் அமைப்புதான் கொஞ்சம் பழகவேண்டியது. வரிசை இப்படி: 'இட்', அடுத்து 'டேக்ஸ்' அல்லது 'டுக்', அடுத்து ஆள், அடுத்து நேரம், கடைசியில் 'டு' சேர்ந்த வினை. 'இட் டுக் மி டூ அவர்ஸ் டு ஃபினிஷ்' – முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. தமிழில் 'எனக்கு' என்று வேற்றுமை உருபு வருவதால் 'இட் டுக் டு மி' என்று நாக்கு போகும். ஆளுக்கு முன்னால் எதுவும் வேண்டாம். ஆளை நேரத்துக்குப் பின்னால் வைத்தால் மட்டும் 'ஃபார்' தேவை: 'இட் டுக் டூ அவர்ஸ் ஃபார் மி டு ஃபினிஷ்'.

'ஐ டுக் டூ அவர்ஸ்' என்றும் சொல்லலாம், ஆனால் தொனி மாறும். 'இட்' வைத்தால் வேலையின் அளவு அது. 'ஐ' வைத்தால் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். தாமதத்தை விளக்கும் மின்னஞ்சலில் எது வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வியில் 'ஹவ் லாங் வில் இட் டேக்?' என்பதே இயல்பு. 'ஹவ் மச் டைம் இட் வில் டேக்?' என்பது நம்மிடம் மிகுதியாகக் கேட்கும் பிழை. அதே சொல்வரிசை இன்னொரு கேள்விக்குள் அடங்கும்போது சரியாகிவிடும்: 'டு யு நோ ஹவ் லாங் இட் வில் டேக்?'

நேரத்துக்குப் பதிலாக வேறொன்றையும் இதே சட்டத்தில் வைக்கலாம். 'இட் டேக்ஸ் கரேஜ் டு சே நோ' – முடியாது என்று சொல்லத் துணிவு வேண்டும். 'ஷி ஹேஸ் வாட் இட் டேக்ஸ்' – அதற்கு வேண்டிய திறமை அவளிடம் இருக்கிறது.

பெயர்ச்சொல்லோடு சேரும்போது

'டேக் அ பிரேக்', 'டேக் பார்ட்', 'டேக் கேர்' போன்ற சேர்க்கைகளில் வினையின் வேலையைப் பெயர்ச்சொல்லே செய்கிறது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். நடுவில் 'அ' அல்லது 'ஆன்' வருமா? பின்னால் 'இன்', 'ஆவ்', 'ஃபார்' போன்ற எந்த முன்னிடைச்சொல்? செயப்பாட்டு வினையாக மாற்றலாமா? நாம் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஒன்றில்தான் விழுகிறது.

முதலில் 'அ'. 'டேக் அ பிரேக்', 'டேக் அ லுக்', 'டேக் அ சீட்', 'டேக் அ ரிஸ்க்', 'டேக் அ ஃபோட்டோ', 'டேக் அ ஷவர்', 'டேக் அ டீப் பிரெத்', 'டேக் ஆன் இன்ட்ரஸ்ட்': இவற்றில் அது கட்டாயம். 'டேக் பாத்' என்று 'அ' இல்லாமல் சொல்வது, பல் இல்லாத சீப்பைப் போல உடனே கண்ணில் படும். 'டேக் பிளேஸ்', 'டேக் பார்ட்', 'டேக் கேர்', 'டேக் ஆக்‌ஷன்', 'டேக் அட்வான்டேஜ்', 'டேக் சார்ஜ்', 'டேக் ஷேப்', 'டேக் எஃபெக்ட்', 'டேக் ரூட்' ஆகியவற்றில் வரவே கூடாது. இதற்குச் சூத்திரம் தேடாதீர்கள். சேர்க்கையோடு சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நடுவில் பெயரடை வந்தால் சில தொடர்களில் 'ஆன்' முளைக்கும்: 'டேக் பார்ட்', ஆனால் 'டேக் ஆன் ஆக்டிவ் பார்ட்'. மற்றவை மாறாது: 'டேக் குட் கேர்', 'டேக் இம்மீடியட் ஆக்‌ஷன்', 'டேக் ஃபுல் அட்வான்டேஜ்'.

அடுத்தது முன்னிடைச்சொல். 'இன்' சேர்வன: பார்ட், இன்ட்ரஸ்ட், பிரைட். 'ஆவ்' சேர்வன: கேர், அட்வான்டேஜ், சார்ஜ், கன்ட்ரோல். 'ஃபார்' சேர்வன: ரெஸ்பான்சிபிலிட்டி, கிரெடிட், பிளேம். 'மேல்' என்ற பொருள்கொண்ட 'ஆன்' சேர்வன: ரிவென்ஜ், பிட்டி. 'ஆஃபென்ஸ்' என்றால் 'அட்', 'எக்ஸெப்ஷன்' என்றால் 'டு'. கடைசியதன் பொருளையும் கவனியுங்கள். 'ஷி டுக் எக்ஸெப்ஷன் டு தி ரிமார்க்' என்றால் அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆட்சேபித்தாள் என்று பொருள். விதிவிலக்கு அளித்தாள் என்று பொருள் அல்ல.

செயப்பாட்டு வினை. 'டேக் பிளேஸ்' என்பதற்கு அது கிடையவே கிடையாது. 'தி மீட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ்' என்று அலுவலகக் கடிதங்களில் வருவது தவறு. 'தி மீட்டிங் டுக் பிளேஸ்' மட்டுமே சரி. 'நடத்தப்பட்டது' என்று தமிழில் யோசிப்பதால் வரும் பிழை இது. அந்தப் பொருள் வேண்டுமென்றால் 'வாஸ் ஹெல்ட்' இருக்கிறது. மேலும் 'டேக் பிளேஸ்' என்பது கூட்டம், தேர்தல், திருமணம் போன்ற திட்டமிட்ட நிகழ்ச்சிகளுக்கே இயல்பாகப் பொருந்தும். எதிர்பாராமல் நேர்வதற்கு 'ஹேப்பன்' போடுங்கள்.

'டேக் கேர் ஆவ்' செயப்பாட்டுக்கு மாறும், ஆனால் 'ஆவ்' கடைசியில் அப்படியே தொங்கி நிற்க வேண்டும்: 'தி சில்ட்ரன் ஆர் வெல் டேக்கன் கேர் ஆவ்'. வாக்கியம் முன்னிடைச்சொல்லில் முடிகிறதே என்று பயந்து வெட்டிவிடாதீர்கள்.

பொருள் நூலிழையில் மாறும் இணைகளும் உண்டு. 'டேக் அ சான்ஸ்' என்றால் துணிந்து பார்ப்பது, அதில் ஆபத்து இருக்கிறது. 'டேக் தி சான்ஸ் டு' என்றால் கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்துவது, அதில் ஆபத்து இல்லை. 'டேக் நோட் ஆவ்' மனத்தில் வாங்கிக்கொள்வது, 'டேக் நோட்ஸ்' தாளில் குறிப்பெடுப்பது. 'டேக் அட்வான்டேஜ் ஆவ்' என்பதற்குப் பின்னால் தள்ளுபடி, வசதி, வாய்ப்பு என்று வந்தால் நல்ல பொருள். ஆள் வந்தால் அவரைச் சுரண்டுவது. 'ஐ டுக் அட்வான்டேஜ் ஆவ் மை டீச்சர்' என்று நன்றி சொல்லக் கிளம்பினால் வினையாகிவிடும்.

பிரிட்டனும் அமெரிக்காவும் வேறுபடும் இடங்களைச் சுருக்கமாகச் சொன்னால்: குளியல், ஓய்வு, பார்வை ஆகியவற்றுக்கு பிரிட்டனில் 'ஹாவ் அ பாத்', 'ஹாவ் அ பிரேக்', 'ஹாவ் அ லுக்' அதிகம், அமெரிக்காவில் 'டேக்'. முடிவுக்கு இரண்டு இடத்திலும் 'மேக் அ டிசிஷன்' பொது. 'டேக் அ டிசிஷன்' பிரிட்டன் வழக்கு. 'டேக் அ கிளாஸ்' என்றால் அமெரிக்கர் மாணவரைத்தான் நினைப்பார். பிரிட்டனில் ஆசிரியரும் ஒரு வகுப்பை 'டேக்' செய்யலாம். குழப்பம் வேண்டாம் என்றால் ஆசிரியருக்கு 'டீச்' போட்டுவிடுங்கள்.

நாம் 'எடு' என்போம், ஆங்கிலம் 'டேக்' என்னாது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். இலக்கணப் புத்தகங்கள் பொதுவாக எல்லா மொழிக்காரருக்கும் சேர்த்து எழுதப்படுவதால், தமிழிலிருந்து போகிறவர் சறுக்கும் இடங்கள் அவற்றில் தனியாக வராது.

கடையில் துணி எடுப்பது 'பை'. 'வி வென்ட் டு டேக் கிளோத்ஸ்' என்றால் யாருடையதையோ தூக்கிவரப் போனது போல இருக்கும். பயண டிக்கெட் எடுப்பதும் 'பை' அல்லது 'கெட்'. வரிசை எண் தரும் இயந்திரத்திலிருந்து சீட்டைக் கையால் உருவுவதற்கு மட்டுமே 'டேக் அ டிக்கெட்'. மார்க் எடுப்பது 'கெட்' அல்லது 'ஸ்கோர்'. கிரிக்கெட்டில் ரன் எடுப்பதும் 'ஸ்கோர்'தான். ஆனால் விக்கெட் எடுப்பது 'டேக்'. பிரதி எடுப்பது 'மேக் அ காப்பி', பிரிண்ட் எடுப்பது வெறும் 'பிரிண்ட்'. வீட்டை வாடகைக்கு எடுப்பது 'ரென்ட்'. முயற்சி எடுப்பது 'மேக் ஆன் எஃபர்ட்'. பயிற்சி எடுப்பது 'ஹாவ் டிரெய்னிங்' அல்லது 'டிரெய்ன்'. பசி எடுக்கிறது என்றால் 'ஐ ஆம் ஹங்ரி', வாந்தி எடுப்பது 'வாமிட்'. படம் எடுப்பதில் இரண்டு உண்டு: புகைப்படம் 'டேக்', திரைப்படம் 'மேக்'.

ஓய்வு எடுப்பது கொஞ்சம் சிக்கல். 'டேக் ரெஸ்ட்' என்று 'அ' இல்லாமல் சொல்வது இந்திய வழக்கு. 'கெட் சம் ரெஸ்ட்' என்பது எல்லா இடத்திலும் செல்லும். 'டேக் அ ரெஸ்ட்' என்பதும் சரி.

'எடு' இல்லாவிட்டாலும் இந்திய ஆங்கிலத்தில் 'டேக்' நுழைந்துவிட்ட இடங்கள் சில. மருத்துவரிடம் நேரம் வாங்குவது 'மேக் ஆன் அப்பாயின்ட்மென்ட்'. கல்லூரியில் சேர்வது 'டேக் அட்மிஷன்' அல்ல, 'என்ரோல்' அல்லது 'ஜாயின்'. 'டோன்ட் டேக் டென்ஷன்' என்பதற்கு 'டோன்ட் வொரி' போதும். 'வி வில் டேக் அ கால் ஆன் திஸ்' என்றால் முடிவெடுப்போம் என்று நாம் புரிந்துகொள்வோம். வெளிநாட்டார் தொலைபேசி அழைப்பை எடுக்கப்போகிறீர்கள் என்று நினைக்கலாம். அவர்களிடம் 'டிசைட்' என்று சொல்லிவிடுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. மாத்திரை, டானிக், மருந்து எல்லாவற்றுக்கும் 'டேக்' மட்டுமே. 'ஈட்', 'டிரிங்க்', 'புட்' எதுவும் வேண்டாம். ஊசி மட்டும் விலக்கு: 'ஹாவ் ஆன் இன்ஜெக்‌ஷன்'. பரீட்சைக்கு 'டேக் ஆன் எக்ஸாம்'. பிரிட்டனில் 'சிட் ஆன் எக்ஸாம்' என்றும் சொல்வார்கள். 'டேக்' என்றால் எழுதினார் என்று மட்டுமே பொருள், தேறினார் என்று அல்ல, தேறுவது 'பாஸ்'. காபிக்கு 'ஹாவ்', அதில் சர்க்கரைக்கு 'டேக்': 'டு யு டேக் ஷுகர்?'

சிறு சொல் ஒட்டும்போது: வரிசை முதலில்

'டேக் ஆஃப்', 'டேக் ஆன்', 'டேக் அப்' என்று பட்டியல் போடுவதற்கு முன் சொல்வரிசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பொருள் தெரிந்தும் வரிசையில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம்.

பெரும்பாலான சேர்க்கைகள் பிரியக்கூடியவை. 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் செயப்படுபொருளின் இடத்தில் 'இட்', 'தெம்', 'ஹிம்', 'ஹெர்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: 'டேக் தெம் ஆஃப்'. 'டேக் ஆஃப் தெம்' எப்போதும் தவறு. மாறாக, செயப்படுபொருள் நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காமல் பின்னால் தள்ளுங்கள்: 'டேக் ஆஃப் தி ஷூஸ் யு வோர் யெஸ்டர்டே'.

பிரியாதவை சில: 'டேக் ஆஃப்டர்', 'டேக் டு', 'டேக் அகெய்ன்ஸ்ட்'. இவற்றில் பிரதிப்பெயரும் பின்னால்தான்: 'ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்'.

அழுத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். பிரியும் வகையில் குரல் சிறு சொல்லின் மேல் ஏறும்: 'டேக் இட் ஆஃப்' என்னும்போது 'ஆஃப்' ஓங்கி ஒலிக்கும். பிரியாத வகையில் வினையின் மேல் ஏறும்: 'டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்' என்னும்போது 'டேக்ஸ்' ஓங்கும். கற்போருக்கான அகராதிகள் சிலவற்றில் பிரியும் சேர்க்கைக்கு ↔ என்ற இருதலை அம்புக்குறி போட்டிருப்பார்கள். அகராதியைத் திறந்தால் பொருளைப் பார்க்குமுன் அந்த அம்புக்குறியைத் தேடுங்கள்.

ஒவ்வொன்றாக

'டேக் ஆஃப்' தான் எல்லாவற்றிலும் அதிகச் சுமை தூக்குவது. உடை, செருப்பு, கண்ணாடி கழற்றுவது. இதன் எதிர்ப்பதம் 'புட் ஆன்'. விமானம் தரையைவிட்டு எழுவது; எதிர்ப்பதம் 'லேண்ட்'. இந்தப் பொருளில் செயப்படுபொருளும் இல்லை, செயப்பாட்டு வினையும் இல்லை: 'தி பிளேன் டுக் ஆஃப் அட் சிக்ஸ்'. ஒரு தொழிலோ பாட்டோ திடீரென்று பிரபலமாவதும் 'டேக் ஆஃப்'. விடுமுறையில் நாள் நடுவில் வரும்: 'ஐ டுக் டூ டேஸ் ஆஃப்'. விலையில் குறைப்பதும் இதே: 'தே டுக் டென் பெர்சென்ட் ஆஃப் தி பிரைஸ்'.

'டேக் அப்' என்றால் புதிதாக ஒன்றைத் தொடங்குவது. பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோ வரும்: 'ஷி டுக் அப் பெயின்டிங்'. இடத்தையோ நேரத்தையோ அடைப்பதும் அதுவே: 'திஸ் டேபிள் டேக்ஸ் அப் டூ மச் ஸ்பேஸ்'. தையலில் கீழ்விளிம்பை மடித்து நீளத்தைக் குறைப்பது 'டேக் அப்', அகலத்தைப் பிடித்துத் தைப்பது 'டேக் இன்'. எதிர்ப்பதங்கள் முறையே 'லெட் டவுன்', 'லெட் அவுட்'. ஒருவர் சொன்ன உதவியை ஏற்றுக்கொள்வதற்கு மூன்று துண்டு கொண்ட தொடர் இருக்கிறது: 'ஐ வில் டேக் யு அப் ஆன் தட்'. ஆள் நடுவில், உதவி கடைசியில்.

'டேக் இன்' என்பதற்குத் தையல் தவிர இன்னும் மூன்று பொருள். புரிந்து உள்வாங்குவது: 'தேர் வாஸ் டூ மச் டு டேக் இன்'. வீட்டில் இடம் கொடுத்து ஆதரிப்பது. ஏமாற்றுவது. ஏமாற்றும் பொருளில் செயப்பாட்டு வினைதான் மிகுதி: 'ஐ வாஸ் டேக்கன் இன் பை ஹிஸ் ஸ்மைல்' – அவன் சிரிப்பில் ஏமாந்துபோனேன். 'டேக்கன் இன்' என்று கேட்டதும் 'உள்ளே அழைத்துப்போகப்பட்டேன்' என்று மொழிபெயர்க்காமல் சூழலைப் பாருங்கள்.

'டேக் ஆன்' – பொறுப்பை ஏற்பது, ஆளை வேலைக்கு அமர்த்துவது, பலமானவரோடு மோதுவது. மூன்றுமே பிரியும்.

'டேக் ஓவர்' – பொறுப்பையோ நிறுவனத்தையோ தன் கைக்குக் கொண்டுவருவது. முன்பு இருந்தவரைச் சொல்ல 'ஃப்ரம்' சேர்க்க வேண்டும்: 'ஷி டுக் ஓவர் ஃப்ரம் ஹெர் பாஸ்'. இதை 'ஓவர்டேக்' என்பதோடு குழப்பக் கூடாது. சாலையில் முந்துவது 'ஓவர்டேக்', நாற்காலியைப் பிடிப்பது 'டேக் ஓவர்'. அதேபோல 'அண்டர்டேக்' ஒரு வேலையைச் செய்ய ஒப்புக்கொள்வது. ஆனால் 'அண்டர்டேக்கர்' என்றால் ஒப்பந்தக்காரர் அல்ல, இறுதிச் சடங்குகளை நடத்துபவர்.

'டேக் அவுட்' – குப்பையை, பணத்தை வெளியே எடுப்பது; கடன், காப்பீடு போன்றவற்றைக் கையெழுத்திட்டுப் பெறுவது: 'டேக் அவுட் அ லோன்'. ஒருவரைச் சாப்பிட வெளியே அழைத்துப்போவது 'டேக் ஹெர் அவுட்'. இதோடு 'இட்', 'ஆன்' சேர்ந்தால் வேறு கதை: 'டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மி' – எங்கேயோ பட்ட கோபத்தை என்மேல் காட்டாதே. இந்த 'இட்' எதையும் குறிக்கவில்லை, தேடி அலையவேண்டாம்.

'டேக் பேக்' – வாங்கியதைக் கடையில் திருப்பிக் கொடுப்பது, சொன்னதை வாபஸ் வாங்குவது: 'ஐ டேக் இட் பேக்'. ஒரு வாசனையோ பாட்டோ பழைய நாட்களை நினைவூட்டினால் 'இட் டேக்ஸ் மி பேக்'. 'டேக் டவுன்' – சொல்வதை எழுதிக்கொள்வது, மாட்டியிருப்பதைக் கீழே இறக்குவது, இணையத்தில் போட்டதை நீக்குவது. 'டேக் அபார்ட்' – பகுதி பகுதியாகக் கழற்றுவது. 'டேக் அவே' – அகற்றுவது. கழித்தல் கணக்கிலும் வரும்: 'டென் டேக் அவே ஃபோர் இஸ் சிக்ஸ்'.

'டேக் ஆஃப்டர்' – அப்பாவையோ பாட்டியையோ உரித்துவைத்திருப்பது. குடும்பத்தில் மூத்தவருக்கு மட்டும்தான் பொருந்தும். நண்பரைப் போல இருந்தால் 'லுக் லைக்'. 'டேக் டு' – பார்த்தவுடன் பிடித்துப்போவது, அல்லது ஒரு பழக்கத்தில் இறங்குவது. இதில் 'டு' முன்னிடைச்சொல் என்பதால் பின்னால் 'இங்' வரும்: 'ஹி டுக் டு வாக்கிங் அட் நைட்'. 'டுக் டு வாக்' என்றால் தவறு.

பெயர்ச்சொல்லாக ஒட்டிக்கொண்டவையும் உண்டு: 'டேக்ஆஃப்', 'டேக்ஓவர்', 'டேக்அவே'. பெயரானதும் அழுத்தம் முன்னால் தாவி 'டேக்' மேல் உட்கார்ந்துகொள்ளும். கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் உணவு பிரிட்டனில் 'டேக்அவே', அமெரிக்காவில் 'டேக்அவுட்'. 'மிஸ்டேக்' என்பதும் இதே குடும்பம்தான்; வினையாக வரும்போது 'மிஸ்டுக்', 'மிஸ்டேக்கன்' என்று இதே போல மாறும். 'டேக்' பழைய நார்ஸ் என்ற ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, அங்கே இருந்த 'நிமன்' என்ற சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரத்துப்போனதைக் குறிக்கும் 'நம்' என்ற சொல்லில் அந்தப் பழைய வினையின் எச்சம் இன்னும் இருக்கிறது.

மரபுத்தொடர்கள்

இங்கே சொல்லை மாற்றும் உரிமை நமக்கு இல்லை. மாற்றக்கூடியது காலமும் ஆளும் மட்டும். 'டேக் இட் வித் அ பிஞ்ச் ஆவ் சால்ட்' (அப்படியே நம்பிவிடாதே) என்பதில் பிரிட்டனில் 'பிஞ்ச்', அமெரிக்காவில் 'கிரெய்ன்'. இந்த இரண்டைத் தவிர 'ஸ்பூன்' போட்டால் சிரிப்பார்கள்.

அன்றாடம் உண்மையாகவே பயன்படுபவை சில. 'டேக் ஃபார் கிராண்டட்' – இருப்பது எப்போதும் இருக்கும் என்று எண்ணி அருமை தெரியாமல் இருப்பது. செயப்படுபொருள் நடுவில்: 'ஹி டேக்ஸ் ஹெர் ஃபார் கிராண்டட்'. 'டேக் இன்டு அக்கவுன்ட்' – கணக்கில் கொள்வது. 'டேக் யுவர் டைம்' – அவசரமில்லை, நிதானமாகச் செய். தொனி மாறினால் தாமதிப்பவரை இடித்துச் சொல்வதாகவும் ஆகும். 'டேக் இட்ஸ் டோல்' – மெல்ல மெல்லப் பாதிப்பைக் காட்டுவது: 'தி ஸ்ட்ரெஸ் டுக் இட்ஸ் டோல் ஆன் ஹிம்'. 'டேக் டு டாஸ்க்' – ஒருவரைக் கடிந்துகொள்வது. 'டேக் அ பேக் சீட்' – முன்னால் நிற்காமல் ஒதுங்கிக்கொள்வது. 'யு டுக் தி வேர்ட்ஸ் அவுட் ஆவ் மை மவுத்' – நான் சொல்ல வந்ததை நீயே சொல்லிவிட்டாய். நம் பக்கத்தில் இதைத் திட்டாக நினைப்பவர் உண்டு, உண்மையில் ஒத்த கருத்தின் மகிழ்ச்சி அது.

'டேக் ஹார்ட்', 'டேக் டு ஹார்ட்' இரண்டையும் பிரித்துவையுங்கள். முதலாவது மனத்தைத் தேற்றிக்கொள்வது. இரண்டாவது ஒருவர் சொன்னதை மனத்தில் போட்டுக்கொள்வது. அறிவுரை என்றால் நல்லது, வசை என்றால் வருத்தம்.

'டேக் அ ரெயின் செக்' அமெரிக்க பேஸ்பாலிலிருந்து வந்தது. மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வரச் சீட்டு கொடுப்பார்கள். இன்று அழைப்பை மறுத்து, 'இன்னொரு நாள் பார்ப்போம்' என்று சொல்வதற்குப் பயன்படுகிறது. 'டேக் தி ஃபிஃப்த்' என்பதும் அமெரிக்காவுடையது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லவேண்டியதில்லை என்ற அந்நாட்டு அரசியலமைப்பின் 5ஆம் திருத்தத்தைச் சுட்டுகிறது. எரிச்சலோடு 'இதுதான் உச்சம்' என்று சொல்ல பிரிட்டனில் 'தட் டேக்ஸ் தி பிஸ்கட்', அமெரிக்காவில் 'தி கேக்'. 'டேக் தி மிக்கி' (கிண்டல் செய்வது) பிரிட்டனின் பேச்சுவழக்கு. மேலதிகாரிக்கு எழுதும் மடலில் வேண்டாம். 'டேக் அ ஹைக்' வேடிக்கையாகத் தெரிந்தாலும் 'போய்த் தொலை' என்பதற்குச் சமம். மலையேற்றத்துக்கு அழைக்க 'கோ ஃபார் அ ஹைக்' என்று சொல்லுங்கள்.

பேச்சில் மரபுத்தொடரைத் தூவினால் சரளமாகத் தெரியும் என்ற எண்ணம் தவறு. கேட்டால் புரியும் அளவுக்குப் பலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாகச் சொல்வதற்கு நாலைந்து போதும்.

பழகும் முறை

எல்லாச் சிறு சொற்களையும் ஒரே நாளில் வரிசையாகப் படிக்காதீர்கள். 'ஆஃப்', 'ஆன்', 'அப்', 'அவுட்' பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றின் பொருள் இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். சூழலை வைத்துப் பிரியுங்கள்: ஒரு வாரம் உடையும் தையலும், அடுத்த வாரம் அலுவலகம், அதற்கடுத்து உடல்நலம். வாரத்துக்கு ஆறு தொடர்களுக்கு மேல் வேண்டாம்.

குறிப்பேட்டில் எழுதும்போது 'டேக் பார்ட் = பங்கெடு' என்று எழுதாமல், 'டேக் பார்ட் இன் அ ரேஸ்' என்று முன்னிடைச்சொல்லும் ஒரு பெயரும் சேர்த்து எழுதுங்கள். அதன் கீழே மூன்று வாக்கியங்கள்: ஒன்று 'டுக்' வைத்து, ஒன்று 'ஹாவ் டேக்கன்' வைத்து, ஒன்று 'டிட்' வைத்த கேள்வி. பிரியும் சேர்க்கையாக இருந்தால் நான்காவதாக 'இட்' அல்லது 'தெம்' நடுவில் வரும் வாக்கியம். எழுதியதை வாய்விட்டுச் சொல்லும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ஒரு வாரம் கழித்துத் தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து ஆங்கிலத் தொடரைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்வது எளிது, அதில் பயிற்சி குறைவு.

கீழே உள்ள ஏழு வாக்கியங்களும் பிழையானவை. விடையைப் பார்க்குமுன் திருத்துங்கள்.

1. தி வெட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ் ஆன் சண்டே.
2. யுவர் ஷூஸ் ஆர் வெட், டேக் ஆஃப் தெம்.
3. இட் டுக் டு மி ஒன் அவர்.
4. ஹி டேக்ஸ் ஹிஸ் ஃபாதர் ஆஃப்டர்.
5. ஷி டுக் டு ரைட் போயம்ஸ்.
6. ஐ டுக் நைன்ட்டி மார்க்ஸ்.
7. ஹி டுக் பார்ட் அட் தி ரேஸ்.

விடைகள்: 1. 'வாஸ் டேக்கன்' போய் 'டுக் பிளேஸ்'. 2. 'டேக் தெம் ஆஃப்'. 3. 'டு' நீங்க வேண்டும்: 'இட் டுக் மி ஒன் அவர்'. 4. பிரியாத சேர்க்கை: 'டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர்'. 5. 'டுக் டு ரைட்டிங் போயம்ஸ்'. 6. 'காட்' அல்லது 'ஸ்கோர்ட்'. 7. 'அட்' அல்ல, 'இன்'.